அக்காளை மேடம் என்று அழைத்த மதியம்

வேலை கிடைத்தபோது சின்னவள் வீட்டில் சொன்னது முழுப் பொய் இல்லை. "உடம்பு நலத்துக்கான பொருள் விக்கிற கம்பெனி. வாங்கினவங்க ஏதாவது கேட்டா போன்ல பதில் சொல்லணும்" என்றாள். அம்மா அதைக் கொஞ்சம் இழுத்து, ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி விற்கும் கம்பெனி என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரி தன் மாமனாருக்கு ஒன்று விலை குறைத்து வாங்கித் தர முடியுமா என்று கேட்டபோது, சின்னவள் கடைக்குப் போய்த் தன் காசில் ஒன்று வாங்கிக்கொண்டு வந்து கொடுக்க வேண்டியதாயிற்று.

உண்மையில் அந்தக் கம்பெனி விற்றது வைப்ரேட்டர்களை. பெண்கள் தனியாகப் பயன்படுத்துகிற பொருட்கள், அவற்றோடு சேர்ந்த ஜெல், துடைக்கும் துணி, வைத்துக்கொள்ளும் பை. குளியலறை ஓடுகள் விற்கும் கடை ஒன்றின் மாடியில் ஒரே ஒரு நீள அறைதான் அலுவலகம். வாசலில் பலகை கிடையாது. தபால்காரர்கூட, "நீங்க என்னதான் விக்கிறீங்க?" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார்.

சின்னவளுக்கு முப்பத்தாறு வயது. கல்யாணமாகி, அது முறிந்து, அம்மாவோடு வந்து சேர்ந்திருந்தாள். அந்தக் கல்யாணத்தில் அடிதடி இல்லை, குடி இல்லை. அதனாலேயே ஏன் பிரிந்தாள் என்று யாருக்கும் விளங்கவைக்க முடியவில்லை. விளக்கை அணைத்ததும் ஆரம்பிப்பான்; அவள் கண் இருட்டுக்குப் பழகுவதற்குள் முடிந்துவிடும். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான். ஒருமுறை, "எனக்கு ஒண்ணுமே ஆகலையே" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள். "உனக்கு என்ன ஆகணும்?" என்று கேட்டான். கோபத்தில் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான்.

வேலையில் சேர்ந்த புதிதில் பயிற்சி கொடுத்தவள் முன்பு ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தவள். எல்லாரும் அவளை சிஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். மேஜை மேல் இரண்டு பொருட்களை வைத்தாள். இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு.

"கையில எடு. மோந்து பாரு."

சின்னவள் முதலில் எடுத்ததில் வாசனையே இல்லை. இரண்டாவது, புது மழைக்கோட்டைப் பிரித்தது போல் மூக்கில் ஏறியது. கொஞ்சம் பிசுபிசுத்தது.

"முதல்ல எடுத்தது சிலிக்கோன். ஆஸ்பத்திரியில உடம்புக்குள்ள வைக்கிற குழாய் செய்யிறாங்களே, அந்த ரகம். இரண்டாவது மலிவு பிளாஸ்டிக்கை எண்ணெய் விட்டு மெதுவாக்கினது. கண்ணுக்குத் தெரியாத ஓட்டை நிறைய. எத்தனை கழுவினாலும் அழுக்கு உள்ள உக்காந்துக்கும். அது உடம்புக்குள்ள போற பொருள் இல்லம்மா, குப்பைக்குள்ள போற பொருள்."

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எதுக்குக் குனியிற? காது குடையிறதுக்கு யார்கிட்டயாச்சும் போய் அனுமதி கேக்குறியா? அதே மாதிரிதான் இதுவும். உன் உடம்பு, உன் கை."

கொஞ்ச காலம் கழித்து அவள் தனக்கென்று ஒன்று வாங்கினாள். அம்மா பெரிய மகள் வீட்டுக்குப் போயிருந்த ஒரு விடுமுறை நாளில் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். அன்று அவள் அழுதாள். சந்தோஷ அழுகை என்று சிஸ்டரிடம் சொன்னாலும் அது கோபம்தான். பல் தேய்க்கக் கற்றுக் கொடுத்தார்கள், தலை வாரக் கற்றுக் கொடுத்தார்கள், காலை ஒடுக்கி உட்காரக் கற்றுக் கொடுத்தார்கள். தன் உடம்பே தனக்குத் தரக்கூடியது ஒன்று உண்டு என்பதை மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லையே என்று தலையணையை நனைத்தாள். அதற்குப் பிறகு போனில் பேசும்போது அவள் குரலில் தயக்கம் இருந்ததில்லை.

பக்கத்து நாற்காலிக்காரியின் பட்டப்பெயர் ரேடியோ. நிறுத்தினால்தான் ஆச்சரியம். "இங்க போன் பண்றவங்க எல்லாம் தேள் கொட்டின திருடங்கடி. வலி உயிர் போகும், ஆனா கத்த முடியாது. நாமதான் மெதுவா விசாரிக்கணும்" என்பாள்.

அந்த மதியம் திரையில் வந்த செய்தியும் அப்படிப்பட்டதுதான். பெயர் கேட்ட இடத்தில் ஒரே ஒரு புள்ளி. 'வேறு கடையில் வாங்கியது. எரிச்சல், வீக்கம். தாங்க முடியவில்லை. இப்போது அழைத்தால் பேச முடியும்.' வாடிக்கையாளரின் எண் ஊழியர்களுக்குத் தெரியாது. பொத்தானை அழுத்தினால் கணினியே இணைத்துவிடும். சின்னவள் அழுத்தினாள்.

"ஹலோ."

ஒரு சொல்தான். அதற்கு முன்னால் ஒரு சின்னச் செருமல். வகுப்பறைக்குள் நுழையும் முன் செருமிப் பழகிய தொண்டை.

அது பெரியவள். அவளுடைய ஒரே அக்காள். ஒரு பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமையாசிரியை. நடந்து வந்தாலே வராந்தா அடங்கும் என்று பெயர் எடுத்தவள். சின்னவளின் கல்யாணம் முறிந்தபோது, "அனுசரிச்சுப் போகத் தெரியாதவளுக்கு எந்த வீடும் நிக்காது" என்று அம்மாவின் முன்னால் தீர்ப்புச் சொன்னவள். காலையில்தான் அம்மா சொல்லியிருந்தாள், பெரியவளுக்கு இடுப்பு வலியாம், லீவு போட்டுவிட்டுப் படுத்திருக்கிறாளாம் என்று.

சின்னவளின் வாய் பழக்கத்தில் ஓடியது. "வணக்கம் மேடம். நீங்க அனுப்பின செய்தியைப் பாத்தோம். இது சம்பந்தமா உங்ககிட்டப் பேசலாமா?"

அந்தப் பக்கம் மூச்சு நின்றது. சின்னவளுக்குத் தெரிந்துவிட்டது, அக்காளுக்கும் தெரிந்துவிட்டது என்று. ஒரே கட்டிலில் முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்து வளர்ந்தவர்கள். குரல் மாறிப்போக வழியில்லை. வைத்துவிடுவாள் என்று காத்திருந்தாள். இணைப்பு அறுபடவில்லை. வலி அந்த அளவுக்கு இருந்திருக்க வேண்டும்.

"சொல்லுங்க" என்றாள் பெரியவள்.

பிறந்ததிலிருந்து வாடி, போடி, அறிவிருக்கா என்று மட்டுமே கேட்டுப் பழகிய சின்னவள், அந்த 'ங்க'வைக் காதுக்குள் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டாள்.

"எப்ப வாங்கினீங்க மேடம்?"

"போன மாசம். போன்ல ஒரு விளம்பரம் வந்துச்சு. மலிவா இருந்துச்சு. மத்ததெல்லாம் என்ன ஏதுன்னு படிச்சுப் பாக்க... கையில போனை வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பாக்க முடியாது. வீட்ல ஆள் இருக்கும்."

"பிரிச்சதும் வாசனை வந்துச்சா? புது மழைக்கோட்டு மாதிரி?"

"ஆமா. கழுவினா போயிடும்னு நெனச்சேன். டெட்டால் போட்டுக் கழுவினேன்."

"அதையா, இல்ல..."

"ரெண்டையும்."

சின்னவள் கண்ணை மூடித் திறந்தாள். "டெட்டாலை இனிமே தொடாதீங்க மேடம். சோப்பும் வேணாம். வெறும் தண்ணி போதும். அந்தப் பொருளை மறுபடி எடுக்கவே கூடாது. வெட்டிக் குப்பையில போட்டுடுங்க. நாளைக்குக் கண்டிப்பா ஒரு டாக்டரைப் பாக்கணும். காய்ச்சல் வந்தா நாளைக்குன்னு தள்ளாதீங்க, இன்னிக்கே போயிடுங்க."

"டாக்டர்கிட்ட என்னன்னு சொல்றது?"

"நடந்ததை."

"எங்க டாக்டர் என் வீட்டுக்காரரோட கூடப் படிச்சவர்."

"வேற ஒரு லேடி டாக்டர் இருக்காங்க. விலாசம் அனுப்புறேன். கேள்வி கேட்டுக் குடைய மாட்டாங்க. திட்டவும் மாட்டாங்க."

ரேடியோ திரும்பிப் பார்த்து, என்ன என்று புருவத்தால் கேட்டாள். சின்னவள் ஒன்றுமில்லை என்று கையை அசைத்தாள்.

"இது தப்பாங்க?" என்றாள் பெரியவள். வராந்தாவை அடக்கும் குரல் நூலாகியிருந்தது.

"இல்ல மேடம்."

"கல்யாணம் ஆனவங்க, பிள்ளை பெத்தவங்க..."

"எங்ககிட்டப் பேசுறவங்கள்ல அவங்கதான் நிறைய."

"என் வீட்டுக்காரர் நல்லவர்தான். கெட்ட பழக்கம் ஒண்ணும் கெடையாது. சுகர் வந்ததுலேர்ந்து தனியாப் படுத்துக்கிறார். அதுக்கு முன்னாடியும்..." நிறுத்தினாள். "முன்னாடியும் ஒண்ணும் பெருசா இல்ல. எனக்குத்தான் அது இல்லைங்கிறதே தெரியல. ஒருநாள் தற்செயலாத் தெரிஞ்சுது. இந்த வயசுல."

சின்னவளுக்கு அக்கா என்று கூப்பிட வாய் வந்தது. கூப்பிட்டால் போன் கீழே விழும் என்று தெரிந்து, "பரவால்ல மேடம். தெரிஞ்சுதே, அதுவே நல்லது" என்றாள்.

பிறகு சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னாள். உடம்பு முழுதாக ஆறிய பிறகுதான் மறுபடி யோசிக்க வேண்டும். மருத்துவத்துக்கு ஏற்ற சிலிக்கோன், அல்லது கெட்டிக் கண்ணாடி, துருப்பிடிக்காத எஃகு. இவை தவிர வேறு வேண்டாம். விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும். பயன்படுத்துவதற்கு முன்னும் பின்னும் மிருதுவான சோப்பால் பொருளை மட்டும் கழுவிக் காயவைக்க வேண்டும். ஜெல் என்றால் தண்ணீரில் கரைகிறதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

"இருங்க, எழுதிக்கிறேன்."

"எழுத வேணாம் மேடம். மனசுல வச்சுக்குங்க."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு, மூக்கு வழியாக மட்டும் வருவது, வந்து அடங்கியது. "அனுப்பினா வெளியில பேர் போட்டிருக்குமா?"

"வெறும் அட்டைப்பெட்டிதான். எங்க பேரும் இருக்காது."

"சரி."

"வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"

பெரியவள் வைக்கவில்லை. "நீங்க..." என்றாள். "சாப்டீங்களா?"

"சாப்டேன் மேடம்."

இணைப்பு அறுந்தது. சின்னவள் தலையில் மாட்டியிருந்த கருவியைக் கழற்றி வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய் முகத்தைக் கழுவினாள்.

அடுத்து வந்த நாட்களில் அவள் நடையே மாறியிருந்தது. அக்காளும் தானும் இனி வேறு மாதிரி இருக்கப் போகிறோம் என்று நம்பினாள். வெளிப்படையாகப் பேச வேண்டாம். ஒரு பார்வை போதும். காய்கறி நறுக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைப் பார்க்க வருகிற பெரியவள் அந்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. வெட்கமாக இருக்கும், தானாகச் சரியாகும் என்று சின்னவள் இருந்தாள்.

மூன்றாம் ஞாயிறு பெரியவள் வந்தாள். கணவரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் கூடத்தின் நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, இவ எங்க வேலை பாக்குறான்னு தெரியுமா உனக்கு?"

"பிரஷர் பாக்குற மிஷின்..."

"மிஷின்தான். என்ன மிஷின்னு கேளு." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "ஸ்கூல்ல ஒரு பிள்ளையோட அம்மா வந்து சொல்றாங்க. உங்க தங்கச்சி அந்த மாதிரி சாமான் விக்கிற எடத்துல இருக்காளாமேன்னு. எனக்குப் பூமி பிளந்து உள்ள போயிடலாம் போல இருந்துச்சு."

எந்தப் பிள்ளையின் அம்மாவும் அப்படிச் சொல்லியிருக்க முடியாது. சின்னவளின் பெயரோ முகமோ தெரிந்த வாடிக்கையாளர் உலகத்திலேயே ஒருத்திதான். சின்னவளுக்கு அப்போதுதான் விளங்கியது. அக்காள் இந்த இரண்டு வாரமும் வெட்கத்தில் படுத்திருக்கவில்லை. பயத்தில் கணக்குப் போட்டிருக்கிறாள். ஒருநாள் இவள் வாயைத் திறந்தால் என்ன ஆகும்? அதற்கு முன் இவள் வாய்க்கு மதிப்பில்லாமல் செய்துவிட்டால், பிறகு இவள் என்ன சொன்னாலும் வயிற்றெரிச்சலில் சொல்வதாகப் போய்விடும்.

பெரியவள் எல்லாவற்றையும் விலாவாரியாக அம்மாவுக்கு விளக்கினாள். அக்காளின் கணவரான மாமா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பஸ்ஸைத் தவறவிடப் போகிறவர் போல. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இவ அலமாரியைத் திறந்து பாரும்மா. வீட்டுக்குள்ளயே இருந்தாலும் இருக்கும்."

அம்மா நகரவில்லை. பெரியவளே எழுந்து போனாள். துணிகளுக்கு அடியிலிருந்த பையைக் கண்டுபிடிக்க அவளுக்கு நேரமாகவில்லை. எங்கே ஒளித்து வைப்பார்கள் என்று தெரிந்தவள். பிரித்துக் கையில் எடுத்தாள். கைக்குட்டையை வைத்துப் பிடித்திருந்தாலும் கட்டைவிரல் தானாக அதை அழுத்திப் பார்த்தது. பிறகு, தன்னை அறியாமல், மூக்குக்குக் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனாள்.

அறை வாசலில் நின்ற சின்னவள் அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததைப் பெரியவளும் பார்த்தாள். ஒரு நொடி அவள் முகம் வெளுத்தது. அடுத்த நொடி அதைக் கைக்குட்டையோடு சுருட்டிக் கூடத்துக்குக் கொண்டுவந்து அம்மாவின் காலடியில் போட்டாள்.

"பாத்துக்க. நீ பெத்த பொண்ணு."

மாமா முதல் தடவையாகப் பேசினார். "சின்னப் பசங்க வந்து போற வீடு" என்றார். அந்த வீட்டுக்கு வந்து போகிற சின்னப் பசங்க யாரும் இல்லை. அவருடைய மகனுக்கே மீசை முளைத்துவிட்டது.

சொல் நாக்கு நுனியில் நின்றது. ஒரே வரி. அதைச் சொன்னால் இந்த நாற்காலியும் தீர்ப்பும் கவிழ்ந்துவிடும். மாமா கடிகாரத்திலிருந்து பார்வையை எடுப்பார். சின்னவள் அக்காளைப் பார்த்தாள். பெரியவள் பார்வையைத் திருப்பவில்லை. கழுத்து நரம்பு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. இந்தக் கழுத்தை வெட்ட எனக்கு எவ்வளவு நேரமாகும் என்று நினைத்தாள் சின்னவள். நினைத்ததும் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

"நான் செய்யிறதுல தப்பு ஒண்ணும் இல்ல" என்றாள். "அது எனக்காக நானே வாங்கினது. யார்கிட்ட வேணும்னாலும் சொல்லிக்கோ. என்கிட்டப் பேசுறவங்களைப் பத்தி நான் எங்கயும் சொல்ல மாட்டேன். அது என் தொழில்."

பெரியவளின் கழுத்து நரம்பு அடங்கியது. நன்றி என்று ஒன்று அந்த முகத்தில் வந்திருந்தால் சின்னவள் எல்லாவற்றையும் மன்னித்திருப்பாள். வந்தது நிம்மதி மட்டும்தான்.

"பாத்தியாம்மா? வெக்கமே இல்ல" என்றாள் பெரியவள். "நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் சாகணும், நிமிந்து நின்னு பதில் பேசுறா."

அம்மா கடைசியில் வாயைத் திறந்தாள். "அந்த வேலையை விடு. இல்லன்னா இந்த வீட்டை விடு." அவ்வளவுதான் சொன்னாள். தரையில் கிடந்ததை முறத்தில் தள்ளிக் குப்பைத் தொட்டியில் போட்டாள். செத்த எலியை அகற்றுகிற அதே முகத்தோடு.

சின்னவள் வீட்டை விட்டாள். சலவைக்கடை ஒன்றின் மேல் ஒற்றை அறை கிடைத்தது; ரேடியோ பேசியே வாடகையைக் குறைத்துக் கொடுத்தாள். பகல் முழுக்க இஸ்திரி ஆவியின் வாசனை ஜன்னல் வழியாக வந்தது. கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருந்தது. தனக்கு வேண்டியதை அவள் மறுபடி வாங்கிக்கொண்டாள். துணிகளுக்கு அடியில் இல்லாமல் கட்டில் ஓர இழுப்பறையில் வைத்தாள். யாராவது தட்டுவார்களோ என்ற பயம் இல்லாமல் வாழ்க்கையில் முதல் தடவையாகப் படுத்தாள். யாரும் தட்டப் போவதில்லை என்பது போகப்போகத்தான் உறைத்தது. அந்த இன்பம் அவளை ஏமாற்றியதில்லை. அது முடிந்த பிறகு பேச ஒரு ஆள் இல்லாதது அதன் குற்றமும் இல்லை.

அம்மாவிடமிருந்து போன் வரவில்லை. இவள் போட்டால் எடுக்கவில்லை. குளிர்காலம் முடிகிற சமயத்தில் பக்கத்து வீட்டுக்காரிதான் கூப்பிட்டுச் சொன்னாள், அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருப்பதாக.

பார்வையாளர் நேரத்தில் போனாள். வார்டுக்கு வெளியே பெஞ்சில் பெரியவள் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். சின்னவளைப் பார்த்ததும் எழுந்தாள்.

"உனக்கு யார் சொன்னா?"

"பக்கத்து வீட்டு அக்கா."

"மாமா வர்ற நேரம். பாத்துட்டுச் சீக்கிரம் கிளம்பு."

வராந்தாவில் வேறு யாரும் இல்லை. சின்னவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "உடம்பு சரியாப் போச்சா?"

"எந்த உடம்பு?" என்றாள் பெரியவள். "எனக்கு என்ன கேடு?"

பெரியவள் பிளாஸ்க்கின் மூடியைத் திருகித் திறந்து மறுபடி திருகி மூடினாள்.

உள்ளே அம்மா விட்டத்தைப் பார்த்துப் படுத்திருந்தாள். தலைமுடி சிக்குப் பிடித்துத் தலையணையில் பரவிக் கிடந்தது. இவள் கையைத் தொட்டதும் இழுத்துக்கொள்ளவில்லை, ஆனால் பற்றிக்கொள்ளவும் இல்லை.

"இன்னும் அங்கதான் போறியா?"

"ஆமாம்மா."

"உங்க அக்காவைப் பாரு. அந்த மனுஷன் எத்தனை வருஷமா வேற ரூம்ல படுக்கிறாரு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? வாயைத் திறந்தாளா? பல்லைக் கடிச்சுக்கிட்டுக் குடும்பத்தை நடத்துறா. அதைப் பாத்தாவது நீ கத்துக்கக் கூடாதா?"

சின்னவள் போர்வையை இழுத்து அம்மாவின் பாதங்களை மூடினாள்.

"எனக்கு மட்டும் என்ன கிடைச்சுது?" என்றாள் அம்மா, விட்டத்தைப் பார்த்தபடியே. "உங்கப்பாகிட்ட ஒருநாள் கேட்டிருப்பேனா? பொம்பளைன்னா அப்படித்தான் இருக்கணும்."

"கேட்டிருக்கலாம்மா" என்றாள் சின்னவள். "நீயும் கேட்டிருக்கலாம்."

அம்மா சட்டென்று திரும்பிப் பார்த்தாள். இடுப்பு வலித்திருக்க வேண்டும், முனகினாள். மகளின் முகத்தில் எதையோ தேடினாள். பிறகு கஷ்டப்பட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வாசலில் பெரியவள் பிளாஸ்க்கோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. உள்ளே வராமல் அப்படியே திரும்பிப் போய்விட்டாள்.

அதன் பிறகு சின்னவள் வாரம் இரண்டு மதியம் அனுமதி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவள் வருகிற நேரம் தெரிந்து பெரியவள் முன்னாலேயே கிளம்பிவிடுவாள். சில நாள் மாடிப்படியில் எதிரெதிரே வருவார்கள். ஒருத்தி கைப்பிடிப் பக்கம் ஒதுங்குவாள், இன்னொருத்தி சுவர்ப் பக்கம். அம்மா பேச மாட்டாள். சின்னவள் அவளைச் சுவரைப் பார்க்க ஒருக்களித்துப் படுக்க வைத்து, சீப்பை எடுத்து, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கெடுப்பாள். அம்மா வேண்டாம் என்று சொன்னதில்லை. முகத்தைக் காட்டியதும் இல்லை.